வெள்ளூரணியின் சராசரி அண்ணாச்சி

தங்கபுஷ்பம் தன் முனைவர் பட்ட ஆய்வின் நாற்பதாவது அட்டவணையையும் கணக்கிட்டு முடித்து, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பத்து விரலிலும் சொடக்கு எடுத்துக்கொண்ட அந்த வியாழக்கிழமை, வெள்ளூரணிப் பேரூராட்சியின் சராசரி ஒரு வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பதினொன்று இருபது டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஆளாக அல்லவா வந்திருந்தார். வயது முப்பத்தேழு முடிந்து முப்பத்தெட்டு ஆகாமல், மூக்குக்கு இடப்பக்கம் மட்டும் மீசையோடு, ஒற்றை வில்லை போட்ட மூக்குக்கண்ணாடியோடு, அந்த வில்லையிலும் ஓர் ஓரம் இல்லாமல் நின்றவரைப் பார்த்துக் கண்டக்டர், "எந்த ஊரு அண்ணாச்சி?" என்றார்.

"இந்த ஊருதான்."

"இந்த ஊருல யாரு வீடு?"

"எல்லாரு வீடும்."

கண்டக்டர் தலையாட்டிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு அவர் ஒன்று என்றும் சொல்லாமல் இரண்டு என்றும் சொல்லாமல், "ஒண்ணே முக்காலுக்கு மேல, ரெண்டுக்குக் கீழ" என்றார். படிப்பு? எட்டாம் வகுப்பு முழுசாக, ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை வரைக்கும். இரண்டு டீயை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு மூன்றாவதில் கொஞ்சம் தம்ளரில் விட்டு வைத்தார். ஊரில் நூற்றுக்கு நாற்பத்தாறு பேருக்கு மீசை என்பதும், ஆளுக்கு 2.7 டீ என்பதும் தங்கபுஷ்பம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதிய கதை எல்லோருக்கும் தெரியுமாதலால், "நம்ம டீச்சரம்மா கணக்குப் போட்டு முடிச்சிட்டாக போல" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. அன்று இரவு ஏழு மணிக்கு ஆடு மட்டும் காணாமல் போனது. அடுத்த திங்கட்கிழமை நடுராத்திரி திரும்பி வந்தது. ஆளுக்கு 0.4 ஆடு என்றால் வாரத்தில் இரண்டே முக்கால் நாளும் கொசுறும்தானே வரும்.

தங்கபுஷ்பம் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. முப்பத்தொன்பது வயது. முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் அடுத்த கல்வியாண்டில் வர வேண்டாம் என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. பல்கலைக்கழகமோ அவளுடைய பதிவை இரண்டு முறை நீட்டித்துவிட்டு, மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்று எழுதிவிட்டது. அப்படிப்பட்டவள் மத்தியானம் கல்லூரியிலிருந்து ஓடி வந்து, டேப்பை எடுத்து அவரை நிற்க வைத்து அளந்தாள். 158.6213 சென்டிமீட்டர். நாலாவது தசமம் வரை அட்டவணையில் இருந்தது இருந்தபடி. தன் ஒன்பது வருஷ உழைப்பு கால்மேல் கால் போட்டுக்கொண்டு உளுந்த வடை தின்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு தசமம் அவளுடைய ஆசை இல்லை. அவளுடைய கைடு முனைவர் ஹரிஹரசுதன், ஆய்வேட்டில் காற்புள்ளியையும் துணைநூற் பட்டியலையும் மட்டுமே படிப்பவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் திடீரென்று கண்ணைத் திறந்து, "நாலு தசமம் போடும்மா, வெயிட்டா இருக்கும்" என்று சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் கொடுத்த ஒரே யோசனை என்பதால் அதைத் தட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

ஊர், சராசரி அண்ணாச்சியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டது. தையற்கடைக்காரர் அவர் அளவுக்கு ஒரு சட்டை தைத்து மாட்டி வைத்து, வருகிறவர்களிடம், "இதைவிடக் கூடவா, குறையவா?" என்று மட்டும் கேட்டு வேலையைச் சுருக்கிக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் மாப்பிள்ளையையும் அண்ணாச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது வார்டும் ஆறாவது வார்டும் அவர் எங்கள் ஆள் என்று சண்டைக்கு வர, அவர் இரண்டு வார்டுக்கும் நடுவிலிருந்த சாக்கடைப் பாலத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் கோயிலுக்கும், வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் பள்ளிவாசலுக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பாதி முடியும்வரை மாதா கோயிலுக்கும் போய்வந்தார். மூன்று இடத்திலும் அவருக்குப் பாய் விரித்தார்கள். சராசரியைவிட உயரமானவர்கள் ஓர் அணி, குட்டையானவர்கள் ஓர் அணி என்று கைப்பந்துப் போட்டி நடந்து குட்டையானவர்கள் ஜெயித்தார்கள். அண்ணாச்சி நடுவராக நின்று இரண்டு பக்கமும் சமமாகத் திட்டு வாங்கினார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் சவரக்கடை லிங்கம் அண்ணாச்சியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவருக்கு முடி கொட்டியிருக்கே" என்று ஆள் அனுப்பினார். தங்கபுஷ்பம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அண்ணாச்சி சராசரி, ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் அதில் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு அவருக்கும் ஆகும். ஒருவர் மீசையை எடுத்தால் அவர் மீசையில் ஒரு துளி போகும். இது அவளுக்கு அப்போது அழகாகத்தான் தோன்றியது.

மொட்டை போட்ட தலைகளில் முடி பழையபடி வளர்ந்து முடிந்த சமயத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வாய்மொழித் தேர்வு மார்ச் முப்பத்தொன்று மத்தியானம் இரண்டு மணிக்கு. வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வரும் பேராசிரியை மங்கையர்க்கரசி. இந்தம்மா கேள்வி கேட்டால் பதில் சொல்கிறவருக்கு மட்டுமல்ல, அவருடைய கைடுக்கும் கைடின் கைடுக்கும் வேர்க்கும் என்று துறையில் பேச்சு. கடிதத்தின் அடியில் அவர் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: சராசரி நபர் ஊரிலேயே இருப்பதாக அறிகிறேன், அவரையும் அழைத்து வரவும், நாற்பது அட்டவணைகளையும் அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

தங்கபுஷ்பம் கடிதத்தோடு கைடிடம் ஓடினாள். "சார், ஊருல ஒருத்தர் முடி வெட்டினாக்கூட நாலாவது தசமம் மாறிடும் சார். அட்டவணையைத் திருத்திடவா?"

"ஹார்டு பைண்டிங் முடிஞ்சுபோச்சேம்மா. தங்க எழுத்தெல்லாம் போட்டாச்சு" என்றார் ஹரிஹரசுதன். "புத்தகத்தைத் திருத்துறதுக்கு ஊரைத் திருத்துறது சுலபம்."

ஊர் அதற்கும் இணங்கியது. பேரூராட்சித் தலைவி அன்னபாக்கியம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, டீச்சரம்மா பரீட்சை முடிகிற வரைக்கும், அதாவது இன்னும் பதினேழு நாளைக்கு, வெள்ளூரணியில் எவரும் எந்த விதத்திலும் மாறக் கூடாது என்று அறிவித்தார். லிங்கம் கடையைப் பூட்டிவிட்டுக் கைவைக்க ஒரு தலை கிடைக்காமல் தெருத்தெருவாக அலைந்தார். கல்யாணங்கள் சித்திரைக்குத் தள்ளிப்போயின. பிறந்தநாள் வந்தவர்கள் அதே வயதில் இருந்துகொண்டார்கள். எடை கூடிவிட்டவர்கள் காலையில் ஓடினார்கள், எடை குறைந்தவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே பரோட்டா தின்றார்கள். தொண்ணூற்றொரு வயது சுடலைமுத்து இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தவர், தங்கபுஷ்பம் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, "நீ போயி நிம்மதியாப் படி தாயி, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று ஒரு கிளாஸ் மோர் வாங்கிக் குடித்தார். பக்கத்து வீட்டு இசக்கியம்மாளுக்குத்தான் நிறைமாசம். இந்தப் பிள்ளை பிறந்தால் அண்ணாச்சியின் ஒன்றே முக்கால் சொச்சம் பிள்ளைக் கணக்கு மாறிவிடும்.

"நான் இருந்துக்கிடுவேன் மதினி" என்றாள் இசக்கியம்மாள், வயிற்றைத் தடவிக்கொண்டு. "உள்ள இருக்குறது கேக்கணுமில்ல. எதுக்கும் நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

தங்கபுஷ்பம் குனிந்து வயிற்றிடம் தன் நிலைமையை விளக்கினாள். சுற்றறிக்கையையும் படித்துக் காட்டினாள். உள்ளே ஓர் உதை விழுந்தது, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தனக்காகக் காத்திருப்பது தங்கபுஷ்பத்துக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் இந்த ஊரில் ஒரு கல்யாணத்திலும் அவள் பந்தி முடியும்வரை உட்கார்ந்ததில்லை, ஒரு துஷ்டி வீட்டிலும் முழுசாக அழுததில்லை. எங்கே போனாலும் கையில் படிவம், போனோமா கேட்டோமா எழுதினோமா என்று அடுத்த வீடு. தன் வீட்டிலேயே புருஷனிடமும் மாமியாரிடமும் நாற்பது கேள்வியையும் கேட்டு எழுதிக்கொண்டு, அடியில் "கணக்கெடுத்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் "வாறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டித் தெருவில் வந்து நின்றவள் அவள்.

மார்ச் முப்பத்தொன்று அன்று மூன்று டவுன் பஸ்ஸும் ஒரு மீன் வேனும் நிறைய ஊர் கிளம்பிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்பது பெயருக்குத்தான் பொது. வழக்கமாக முதலாமாண்டு மாணவர்கள் பதினைந்து பேரைச் சமோசாவைக் காட்டி உட்கார வைப்பார்கள், அவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை பதிவேடு போதாமல் மாடியிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தார்கள். முதல் வரிசையில் இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காலையிலிருந்தே வலி.

பேராசிரியை மங்கையர்க்கரசி ஒல்லியாக, பருத்திப் புடவையில், ஸ்கேலும் எடை எந்திரமுமாக வந்தார். அண்ணாச்சியை நிறுத்தி, உட்கார வைத்து, டீ கொடுத்து, ஆட்டைப் பற்றி விசாரித்து, முப்பத்தொன்பது அட்டவணைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் நாலாவது தசமம் வரை சரி. நாற்பதாவது, கடந்த ஓராண்டில் எத்தனை வீடுகளுக்குள் போய்வந்தீர்கள் என்ற கேள்வி, சராசரி 9.4. அதுவும் சரி. ஹரிஹரசுதன் பொன்னாடையின் பாலித்தீன் உறையைச் சத்தமில்லாமல் பிரிக்க ஆரம்பித்தார். மணி மூன்றரை.

"பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார் மங்கையர்க்கரசி, முறைக்காக. இந்த வாக்கியத்துக்கு எந்த வாய்மொழித் தேர்விலும் யாரும் பதில் சொன்னது கிடையாது, சமோசா ஆறிவிடும் அல்லவா. ஆனால் அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "ஊருல ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் ஏதோ ஒரு துளி எனக்கு வந்திருக்கு. லிங்கத்தோட முதுகுவலி கொஞ்சம் இருக்கு. சுடலைமுத்து ஐயாவோட ஒரு பல்லு ஆடுது. இசக்கியம்மா இப்ப படுற பாட்டுல ஒரு ஓரம் எனக்கும் சுருக்குனு இழுக்குது. இந்த டீச்சரம்மாகிட்ட இருந்து மட்டும் எனக்கு ஒண்ணும் வரலியே, அது ஏன்?"

தங்கபுஷ்பம் படிவக் கட்டை இழுத்து மேசை நடுவில் வைத்தாள்.

மங்கையர்க்கரசி படிவக் கட்டைப் புரட்டினார். "உங்க படிவம் எத்தனாவது எண்?"

நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு படிவத்திலும் அவள் இருந்தாள், ஒவ்வொன்றின் அடியிலும், கணக்கெடுத்தவராக. மேலே ஒன்றில்கூட இல்லை. முழு ஊரையும் எண்ணியவள் தன்னை எண்ணவில்லை. ஹரிஹரசுதன் பிரித்த உறையை மறுபடி ஒட்டப் பார்த்தார்.

"இப்ப நிரப்புங்க" என்று ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார் மங்கையர்க்கரசி. தங்கபுஷ்பம் கேள்வியைத் தானே கேட்டுத் தானே எழுதினாள். முதல் கேள்வி பெயர் என்பதால் அதில் மட்டும் சிரமம் இருக்கவில்லை. பேராசிரியை அவளையும் சேர்த்துக் கணக்கிட்டார். நாற்பது அட்டவணையிலும் நாலாவது தசமம் ஆட்டம் கண்டது.

"யாரு உங்களை நாலு தசமம் போடச் சொன்னது?"

ஹரிஹரசுதன் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒரு தசமம் போதும். அப்படிப் பார்த்தா முப்பத்தொன்பது அட்டவணை தப்பிக்குது. நாற்பதாவதுதான் இடிக்குது. கணக்கெடுத்த வருஷத்தில் ஊர்க்காரங்க சராசரியா ஒன்பது பத்து வீடு போயிருக்காங்க, நீங்க ஆயிரத்து இருநூற்று அறுபத்துநாலு. உங்க ஒருத்தராலேயே 9.4 என்பது 9.7 ஆகுது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டத்தோட ஒட்டாமத் தனியா நிக்கிற எண்ணை அவுட்லயர்னு சொல்லி நீக்க முறை இருக்கு. உங்களை நீக்கிட்டா ஆய்வேடு இப்படியே செல்லும். சேர்த்தா அட்டவணை தப்பு. தப்பான ஆய்வேட்டுல என்னால கையெழுத்துப் போட முடியாது. திருத்தி, பைண்டு பண்ணி, எப்ப கொண்டுவருவீங்க?"

"பைண்டிங்குக்கு ரெண்டு நாள் ஆகும் மேடம்" என்றாள் தங்கபுஷ்பம். மணி மூன்றே முக்கால்.

"நீக்கிடுங்க மேடம்!" என்று ஹரிஹரசுதன் குதித்தார். "தாராளமா நீக்குங்க!"

பின்வரிசையிலிருந்து லிங்கம் எழுந்தார். "யார சார் நீக்குறீரு? பதினேழு நாளாக் கத்தரியத் தொடாம உக்காந்திருக்கோம், எங்க ஊர்ப் பொம்பளைய எங்க ஊர்க் கணக்குல இல்லைங்கதுக்கா?" அன்னபாக்கியமும் எழுந்தார், மீன் வேனில் வந்த மொத்தப் பேரும் எழுந்தார்கள். சமோசாத் தட்டு ஒன்று கீழே விழுந்தது.

தங்கபுஷ்பம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஒன்பது வருஷம் போய்விடும், அந்தத் தங்க எழுத்து போய்விடும். ஆனால் ஆயிரத்து இருநூற்று அறுபத்துநாலு வீட்டிலும் தண்ணீர் குடித்திருக்கிறோமே, ஒரு வீட்டிலாவது யார் நீ என்று கேட்டார்களா என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

"சேத்துக்கோங்க மேடம்" என்றாள். "பட்டம் போனாப் போகட்டும். நானும் அந்த ஊர்தான்."

மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முகத்தில் இளக்கம் எதுவும் தெரியவில்லை. "நாலை ஏழாக்கறதுக்கு எதுக்கம்மா பைண்டிங்? பேனா இல்லையா உங்ககிட்ட?" என்றார். "அஞ்சு பிரதியிலயும் அடிச்சுத் திருத்துங்க, பக்கத்துல நான் கையெழுத்துப் போடறேன். ஏன் மாறுச்சுன்னு ஓரத்துல ஒரு வரி விளக்கம் எழுதணும். சீக்கிரம், அந்தப் பொண்ணு முகம் சரியில்லை."

கேட்ட உடனே இசக்கியம்மாள் அதுவரை அடக்கி வைத்திருந்த மொத்தத்தையும் சேர்த்து ஒரே அலறலாக அலறினாள். மீன் வேன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்க, தங்கபுஷ்பம் ஐந்து பிரதியிலும் அடித்து எழுத, ஹரிஹரசுதன் தேர்வாளரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு, பணிக்காலத்தில் முதல்முறையாக, பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஓடினார். பிரிவு அலுவலர் பூட்டைக் கையில் எடுத்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார், மணி நாலு ஐம்பத்தெட்டு.

அன்று மாலையே வெள்ளூரணி, பிடித்த மூச்சை விட்டது. இசக்கியம்மாளுக்குப் பெண் பிறந்தது. லிங்கம் கடையில் வரிசை முக்கு திரும்பி நின்றது. தள்ளி வைத்த பிறந்தநாட்களெல்லாம் ஒரே நாளில் வந்து மிட்டாய் தட்டுப்பாடு ஏற்பட்டது. சுடலைமுத்து மட்டும், மோர் ருசி கண்டுவிட்டதாலோ என்னவோ, சாகிற யோசனையை விட்டுவிட்டார். அட்டவணைகள் அத்தனையும் தப்பாகிப்போயின. அதற்குள் பட்டம் கைக்கு வந்துவிட்டது, நிர்வாகமும் சுற்றறிக்கையை வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது.

முனைவர் தங்கபுஷ்பம் முதன்முதலாகக் கையில் படிவம் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போன நாளில், டீக்கடையில் கூட்டமாக இருந்தது. ஊரில் ஒருத்திக்கு முனைவர் பட்டம் என்றால் அதில் ஒரு பங்கு சராசரிக்கும் வந்தாக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டில் அண்ணாச்சியின் பங்குக்கு, ஓரத்தில் அவள் பேனாவால் எழுதிய அந்த விளக்கத்திலிருந்து, ஒன்றரை வரி வந்திருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பத்தைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள், ஒரு டீ சொன்னாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, காலாண்டுப் பரீட்சையோடு படிப்பை விட்ட வாயால், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "கணக்கெடுத்தவரும் இவ்வூராரில் ஒருவர் என்பது முதலில் விடுபட்டுப்போனது, இப்போது அவரும் சேர்க்கப்பட்டிருப்பதால் இந்த ஊரின்"

அங்கே நிறுத்திவிட்டார். தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது, நாலு பேர் முன்னால் அழுதாள். மீதியையும் சொல்லுங்க அண்ணாச்சி என்று யாரோ கேட்டதற்கு, அதுக்கு மேல நான் படிக்கல என்றார்.